டைப்ரைட்டிங் ஹையர் முடித்த அம்மாவுக்கு என்ன கம்ப்யூட்டர் வாங்கலாம்?

மன்னார்குடிப் பையன்:

வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. தாலுகா ஆபீசில் தட்டச்சராகச் சேர்ந்து உதவியாளராக ஓய்வு பெற்றவர். வீட்டில் இருப்பது 2012-ல் வாங்கிய டெஸ்க்டாப்: விண்டோஸ் 7, 2 ஜிபி ரேம். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பால் காய்ச்சப் போவார். காபியை ஆற்றிக்கொண்டு வந்து உட்காரும்போதுதான் திரையில் படம் வந்திருக்கும். போன வாரம் அதுவும் வரவில்லை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து பல்லி கத்துகிற மாதிரி சத்தம் வருகிறது.

புதிதாக ஒன்று வாங்கலாம் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வாயைத் திறந்தேன், அன்றிலிருந்து பஞ்சாயத்துதான். தங்கை டேப்லெட் போதும் என்கிறாள். துபாயில் இருக்கும் தம்பி, மேக்புக் தவிர மற்றதெல்லாம் குப்பை என்கிறான் (பணம் பற்றிப் பேச்சில்லை). அம்மா சொன்னது இவ்வளவுதான்: "எழுத்து பெரிசாத் தெரியணும். கீயை அழுத்தினா அழுத்தின மாதிரி இருக்கணும். மத்தது நீங்க பாத்துக்குங்க."

அவர் செய்யும் வேலை: ஓய்வூதியர் சங்கத்தின் தீர்மானங்கள், கடிதங்கள் எல்லாம் தட்டச்சு செய்வார். தெருக்கோயில் நோட்டீசும் அவர் கைதான். பேத்தியோடு வீடியோ கால், யூடியூபில் உபன்யாசம். பட்ஜெட் 40,000 ரூபாய். நான் ஓசூரில் இருக்கிறேன், மாதத்துக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போக முடியும்.

ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டதால்தான் இங்கே கேட்கிறேன். இரண்டு வருடம் முன்பு சித்திக்கு ஒரு கடையில் "வயசானவங்களுக்கு இது போதும் சார்" என்று ஒரு லேப்டாப்பைத் தலையில் கட்டினார்கள். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. ஆறே மாதத்தில் விண்டோஸ் அப்டேட்டுக்கு இடமில்லை என்று நின்றுவிட்டது. இப்போது அதன் மேல் சித்தி தையல் டப்பா வைத்திருக்கிறார்.

கரந்தைவாசி:

தம்பி, அம்மா கேட்டது இரண்டே விஷயம். அதிலிருந்தே ஆரம்பியுங்கள். எழுத்து பெரிதாக வேண்டும் என்றால் லேப்டாப் வேண்டாம். 24 அங்குல மானிட்டர், பின்னால் ஒரு மினி பிசி. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய பெட்டிதான், மானிட்டர் முதுகிலேயே திருகிவிடலாம். மானிட்டர் வாங்கும்போது பின்பக்கம் நான்கு திருகுத் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில மலிவு மாடல்களில் இருக்காது.

ரேம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. சேமிப்பு, பழைய சுழலும் டிஸ்க்காக இல்லாமல், வேகமான எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும், 256 ஜிபி தாராளம். இந்த வேலைக்கு இன்டெல் என்100 பிராசசரே போதும். கடைக்காரர் ஐ5, ஐ7 என்று ஏற்றிவிடப் பார்ப்பார், சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். காசு மிச்சமானால் மானிட்டரில் போடுங்கள்.

இன்னொன்று, "ரீஃபர்பிஷ்டு ஐ5, பன்னிரண்டாயிரம்தான்" என்று, பழையதைச் சரிசெய்து விற்கும் பெட்டிக்கு ஒரு வலை விரிப்பார்கள். அதில் பாதி 6-ஆம், 7-ஆம் தலைமுறைப் பெட்டிகள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. இன்டெல் என்றால் விண்டோஸ் 11-க்கு 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். பிராசசர் பழையதா என்று விண்டோஸ் 11 செய்யும் சோதனையைத் தாண்டி ஏற்றிக் கொடுக்கக் கடைக்காரருக்குத் தெரியும்தான். நாளைக்கு அப்டேட் நின்றால் அவர் வர மாட்டார், நீங்கள்தான் ஓசூரிலிருந்து பஸ் ஏற வேண்டும்.

மினி பிசியில் கேமரா, மைக் எதுவும் கிடையாது. பேத்தி முகம் பார்க்க வெப்கேம் தனியாக வாங்க வேண்டும். டெல்டாவில் கரண்ட் வந்து போகிற லட்சணத்துக்கு 600 விஏ யுபிஎஸ் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெங்குவின் பித்தன்:

எதற்கு விண்டோஸ்? அதற்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போடுங்கள். என் மாமனார் நான்கு வருடமாக அதில்தான் இருக்கிறார், வைரஸ் தொல்லை இல்லை, மாதம் ஒருமுறை முகத்தை மாற்றிக்கொண்டு வந்து நிற்பதும் இல்லை. கம்ப்யூட்டருக்கென்று வந்த தமிழ்99 விசைப்பலகை முறை, பழைய தட்டச்சு முறை இரண்டுமே ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் வழியாகக் கிடைக்கும்.

மன்னார்குடிப் பையன்:

அண்ணா, எனக்கும் ஆசைதான். ஆனால் சங்கச் செயலாளர் அனுப்புவதெல்லாம் வேர்டு ஃபைல். அதிலும் அட்டவணைக்குள் அட்டவணை. லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீசில் திறந்து ஒரு கோடு நகர்ந்தால்கூட அம்மா ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் போடுவார். அவருக்குப் பக்கத்தில் லினக்ஸ் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நான் பக்கத்துத் தெருவில் இருந்திருந்தால் இதையே போட்டிருப்பேன்.

யளனகப:

எல்லோரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த அம்மாவின் விரலைப் பற்றி யாரும் பேசவில்லையே! நான் இருபத்தெட்டு வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவள். என் பெயரைப் பார்த்தாலே உங்கள் அம்மாவுக்கு விளங்கும், இடது கைக்கு முதல் பாடம் அதுதான்.

ஹையர் முடித்தவருக்குத் தமிழ்99 நல்லது, சுலபம் என்று யாராவது பாடம் எடுக்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வருடம் ஊறிய விரல் இனி மாறாது, மாற வேண்டிய அவசியமும் இல்லை. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் என்எச்எம் ரைட்டர் மென்பொருளை இறக்கிப் போடுங்கள். அதில் பழைய டைப்ரைட்டர் முறை இருக்கிறது. பழைய மெஷினில் 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் மூன்று தட்டு. இப்போது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டிலோ க முதலில், குறி பிறகு. இந்த இடமாற்றத்தை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கொம்பை அடித்ததும் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் தெரியலாம். அடுத்த எழுத்தை அடித்ததும் போய்விடும். இதைச் சொல்லாததால் என் மாணவி ஒருத்தி அரை நாள் முழுக்கத் தான்தான் தப்பாக அடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது, கீபோர்டு. டிவிஎஸ் கோல்டு வாங்குங்கள். மளிகைக் கடை பில்லிங் மேசையில் 'டக் டக்' என்று கேட்குமே, அதேதான். ஒவ்வொரு கீயும் ஆழமாக இறங்கும், அழுத்தம் விழுந்தது விரலுக்குத் தெரியும். லேப்டாப்பின் தட்டைக் கீயில் எங்களைப் போன்றவர்கள் அடித்தால் அப்பளம் தட்டுகிற மாதிரி இருக்கும்.

கடைசியாகப் பழைய ஃபைல்கள். அவர் அடித்ததெல்லாம் 'வானவில்' எழுத்துருவிலா என்று கேளுங்கள், அரசு அலுவலகக்காரர்களிடம் பெரும்பாலும் அதுதான் இருக்கும். அந்தக் காலத்து எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள். புதுக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லையென்றால் பக்கம் முழுக்கக் கிறுக்கலாக வரும், எல்லாம் போச்சு என்று அம்மா பதறிவிடுவார். எழுத்துருவையும் நகலெடுத்து வையுங்கள். தேவையானதை மட்டும் என்எச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். அரசே 2010-ல் யூனிகோடுக்கு வந்துவிட்டது, சங்கம் வர எத்தனை நாளாகுமோ!

வங்கிப் பெரியவர்:

யளனகப அம்மா எழுதியிருப்பதற்கு மேல் கீபோர்டு விஷயத்தில் சொல்ல ஒன்றுமில்லை. நான் பாதுகாப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விண்டோஸில் இரண்டு கணக்கு போடுங்கள். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும், அம்மாவுக்குச் சாதாரணக் கணக்கு. திரையில் "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று வந்தால் அழைக்காமல் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிடச் சொல்லுங்கள். விண்டோஸில் 'குவிக் அசிஸ்ட்' என்று ஒன்று உள்ளேயே இருக்கிறது, ஓசூரிலிருந்தே அவர் திரையைப் பார்த்துச் சரிசெய்யலாம். ஆனால் உங்களைத் தவிர வேறு யார் கேட்டாலும் அதைத் திறக்கவே கூடாது. பணம் போய்விட்டது என்றால் உடனே 1930, இணைய மோசடிப் புகார் எண். ஒரு தாளில் பெரிதாக எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள்.

மன்னார்குடிப் பையன்:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வந்து எழுதுகிறேன். என்100 மினி பிசி, 24 அங்குல மானிட்டர், டிவிஎஸ் கோல்டு, வெப்கேம், யுபிஎஸ் எல்லாம் சேர்த்து 40,000-க்குள் அடங்கிவிட்டது. தம்பி இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

பழைய ஹார்டு டிஸ்க்கை வெளியே எடுத்து, யுஎஸ்பி கேபிளில் மாட்டி, மூன்றாவது முயற்சியில் ஃபைல்களைக் காப்பாற்றினேன். யளனகப அம்மா சொன்னது அப்படியே நடந்தது. எல்லாம் வானவில்தான், திறந்ததும் கிறுக்கல். எழுத்துருவைப் போட்ட பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது. திரையின் அளவை 125 சதவீதத்தில் வைத்தேன், போதாது என்றார். 150-ல் வைத்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

முதல் நாள் நான் பக்கத்தில் நின்று என்எச்எம்மை விளக்கிக்கொண்டிருந்தேன். "நீ கொஞ்சம் தள்ளு" என்றார். திரையைக்கூடப் பார்க்காமல் சங்கத்தின் சென்ற மாதத் தீர்மானத்தைப் பார்த்து ஒரு பக்கம் அடித்து முடித்தார். புள்ளி வட்டத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன், அவர் அதைக் கவனிக்கவே இல்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "என்னடி, திரும்ப ஆபீஸ் போறியா?" என்றார்.

அம்மாவிடம் ஒரே ஒரு குறைதான் பாக்கி. "வரி முடியறப்ப மணி அடிக்க மாட்டேங்குதே" என்கிறார். அதற்கு ஏதாவது மென்பொருள் இருந்தால் சொல்லுங்கள்.