மயிலாப்பூரிலிருந்து பெரும்பாக்கம் போகச் சொன்னால் என்ன கேட்பது?

கால்வாய்க்கரை:
பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம், மயிலாப்பூர் பக்கம் குடியிருக்கிறோம். கரையோர வீடுகளை அகற்றுவதற்காகக் கணக்கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், சென்னைக்குத் தெற்கே தள்ளியிருக்கும் பெரும்பாக்கத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய (பழைய குடிசை மாற்று வாரியம்) வீடு தருவார்கள் என்று பேச்சு. அம்மா பக்கத்துத் தெருக்களில் வீட்டு வேலை பார்க்கிறார். தங்கை பத்தாம் வகுப்பு. "வீடு தர்றாங்க, வாங்கிக்க வேண்டியதுதானே" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மேல்மாடி:
தம்பி, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாற்றங்கரையிலிருந்து இங்கே வந்தவள் நான். வீடு நல்ல வீடுதான். உள்ளேயே கழிப்பறை, ராத்திரி மழை பெய்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். போனது என் வேலை. விடியற்காலை ஒரு வீட்டில் பாத்திரம் தேய்ப்பேன், ஓடி வந்து பிள்ளைக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவேன், அப்புறம் அடுத்த வீட்டில் சமையல். எல்லாம் நடை தூரம். இங்கே வந்தபின் பஸ் பிடித்து சோழிங்கநல்லூர் தாண்டி, அடையாறு பக்கம் மத்திய கைலாஷ் போய்ச் சேருவதற்குள்ளேயே அவர்கள் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். 2021-லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, உண்மையிலேயே பெரிய உதவி. ஆனாலும் பஸ்ஸில் போகிற நேரம் போவதுதான். இப்போது ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) ஹவுஸ்கீப்பிங், காண்ட்ராக்ட் வேலை.

இன்னொன்று. நாங்கள் வந்தபோது இது கிராம ஊராட்சி. குப்பை, தெருவிளக்கு என்றால் மாநகராட்சி கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று பழகியவர்களுக்கு, இங்கே யாரிடம் போவதென்றே தெரியவில்லை.

மந்தைவெளி வாசி:
பக்கத்திலேயே வீடு கேளுங்கள், கேட்க முன்னுதாரணம் இருக்கிறது. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன்பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியில் வாரியம் கட்டும் வீடுகளை அந்த மக்களுக்கு ஒதுக்குவதாக முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஓர் உயிர் போனபிறகு கிடைத்ததை நீங்கள் முன்கூட்டியே மனுவாக எழுதிக் கொடுங்கள். தனித்தனியாக வேண்டாம், தெருவே சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

கால்வாய்க்கரை:
நன்றி. அக்கா, போகத்தான் வேண்டும் என்றால்?

மேல்மாடி:
தங்கைக்குப் பொதுத்தேர்வு முடியும்வரை நகர மாட்டோம் என்று அந்த மனுவிலேயே எழுதுங்கள். கணக்கெடுப்புப் பட்டியலில் அம்மா பெயர் சரியாக இருக்கிறதா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். கல்யாணமான அண்ணன் இருந்தால் அவர் குடும்பத்தைத் தனியாகப் பதியச் சொல்லுங்கள். இங்கே ஒரே அறையில் இரண்டு குடும்பம் படுக்கிற வீடுகள் நிறைய.