ஊர் மாறினாலும் தூக்கம் மாறாமலிருக்க என்ன செய்கிறீர்கள்?

நண்பர்களே, அடுத்த மாதம் வேலை விஷயமாக விமானப் பயணம், கைப்பை மட்டும்தான். இடம் மாறினால் எனக்கு முதல் இரவு தூக்கமே வராது. புது இடத்தில் மூளையின் ஒரு பாதி அரைவிழிப்பில் காவல் காக்கிறது என்று 2016இல் ஒரு ஆய்வு வந்தது. படித்ததில் ஓர் ஆறுதல், அவ்வளவுதான்.

வீட்டில் வெந்நீரில் முகம் கழுவி, மங்கலான மேசை விளக்கில் சில பக்கம் படித்து, மின்விசிறி சத்தத்தில் கண்ணை மூடுவேன். தலையணை உறை நிச்சயம் கூட வரும், அதுவும் துவைக்காமல்! அந்த வாசனைதான் விஷயமே. முகக் களிம்பை 100 மில்லிக்குள் அடங்கும் டப்பாவுக்கு மாற்றியாயிற்று. பவர் பேங்க் எப்படியும் கைப்பையில்தான் போக வேண்டும்.

சிக்கல் விசிறி சத்தம்தான். கைப்பேசியில் ஓடவிட்டால் நடுவில் அழைப்பு வந்து எழுப்பிவிடுகிறது. வேலை நிமித்தம் அதை அணைத்து வைக்கவும் முடியாது. அதற்கென்றே விற்கும் கருவி பையில் இடத்தை அடைக்கும். காதில் எதையாவது செருகிக்கொண்டு படுக்க எனக்கு ஒத்துவராது. யாராவது வழி கண்டிருக்கிறீர்களா? அப்புறம், அறையில் இன்னொருவரும் தங்கினால் படிக்கும் விளக்கை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?