தொண்டையில் தொடங்கி முழங்காலுக்கு வந்த நோய்

பிள்ளைகளுக்கு டான்சில் (தொண்டையின் இரண்டு பக்கமும் இருக்கும் சதை) வீங்கிய அனுபவம் இருந்தால் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எங்களுடையது கொஞ்சம் நீளம்.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. மழை தொடங்கினாலே தொண்டை வலி வரும். எங்கள் பக்கத்தில் 'உள்நாக்கு வளர்ந்திருக்கு' என்பார்கள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும். அந்த முறை காய்ச்சல் அனலாக அடித்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளைப் புள்ளிகள். பத்து நாளுக்குப் பென்சிலின் மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் நாளே பிள்ளை எழும்பி ஓடினான். மிச்ச மாத்திரையை அலுமாரியில் வைத்துவிட்டேன். நான் விட்ட பிழை அது.

மூன்று வாரம் போயிருக்கும். வலது முழங்கால் வீங்கியது. அது வற்றுவதற்குள் இடது கணுக்கால். பெரட்டுக்கு (காலையில் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்) போகாமல் அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்துவிட்டு ருமட்டிக் காய்ச்சல் என்றார்கள். இதய வால்வில் லேசான கசிவு.

டொக்டர் மிஸ் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். டான்சிலின் மேற்பரப்பில் பத்து, இருபது ஆழமான குழிகள் உண்டாம். வாயாலும் மூக்காலும் வரும் கிருமியை அந்தக் குழிகளில் இருக்கும் செல்கள் உள்ளே இழுத்து, நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான டி செல்லுக்கும் பி செல்லுக்கும் காட்டுகின்றன. கொழுந்து மடுவத்தில் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை) கூடையை இறக்கி நிறுத்துப் பார்க்கிற மாதிரி என்று எனக்கு விளங்கியது. அந்தக் கிருமிக்கென்றே பி செல்கள் பெருகி, எதிர்ப்பொருள் (கிருமியில் ஒட்டி அதை எதிர்க்கும் புரதம்) செய்யத் தயாராகும்போதுதான் டான்சில் வீங்குகிறது. வெள்ளைப் புள்ளி? இரத்தத்திலிருந்து ஓடி வந்து கிருமியை விழுங்கிச் செத்த நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் அதில் நிறைய. அவ்வளவு நாளும் அதையே நோய் என்று நினைத்திருந்தேன்.

பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, தானாகப் போய்விடும். இவனுக்கு வந்தது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பாக்டீரியாவால். அதன் மேலுறைப் புரதம் நம் இதயத்தில் உள்ள புரதத்தைப் போல இருப்பதால், கிருமிக்கென்று உருவான எதிர்ப்பொருளும் டி செல்லும் சில பிள்ளைகளின் வால்வையே தாக்கிவிடுகின்றன. காய்ச்சல் விட்டாலும் கிருமி தொண்டையில் தங்கியிருக்கும். அதை முழுதாக அழிக்கத்தான் அந்தப் பத்து நாள்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சியின் பதில்:
அக்கா, வாசிக்கவே நெஞ்சு பதறியது. என் மகளுக்கு ஆறு வயதில் டான்சிலை எடுத்தார்கள், தூக்கத்தில் மூச்சு அடைத்ததால். எதிர்ப்புச் சக்தி போய்விடுமோ என்று அழுதேன். நாக்கின் அடியிலும் தொண்டைச் சுவரிலும் அதே வகைத் திசு வளையமாக இருக்கிறது, அது வேலை செய்யும் என்றார்கள். 1884இல் அதை விவரித்த ஜெர்மன்காரர் வால்டயரின் பெயர்தான் அந்த வளையத்துக்கு. தம்பிக்கு இப்போது எப்படி?

தங்கச்சி, அந்தக் கிருமி திரும்ப வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. ஒன்றையும் தவறவிடவில்லை. கலண்டரில் அவனே வட்டம் போடுகிறான். அடுத்தது வெள்ளிக்கிழமை.