உதவி: முடிந்த நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்தால் மைனஸ் வருகிறது

நள்ளிரவு_நிரல்:
அவசரம். வேலை தொடங்கும்போது ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை நேரத்தை எடுத்துக் கழிக்கிறேன். லாகில் "எடுத்த நேரம்: -2.413 வினாடி" என்று வந்து நிற்கிறது. கோடில் தப்பு இல்லை, நாலு தடவை பார்த்துவிட்டேன். நாளைக்கு ஒப்படைக்க வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

துடிப்பு:
எந்த ஓஎஸ்? எந்த ஃபங்ஷன்? எப்போதும் வருகிறதா, எப்போதாவதா?

கோர்_எட்டு:
டிஎஸ்சி (ப்ராசஸரின் ஒவ்வொரு கோரிலும் ஓடும் எண்ணி) பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். கோருக்குக் கோர் அந்த எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால், ஒரு கோரில் தொடங்கி இன்னொன்றில் முடியும் வேலைக்குக் கணக்கு பின்னால் போகும். டிமெசேஜை, அதாவது கர்னலின் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) லாகைப் பாருங்கள், டிஎஸ்சியை நம்ப முடியாது என்று கர்னலே எழுதியிருக்கும்.

பழைய_முனையம்:
கோடில் தப்பு இல்லை என்பவர்கள் கோடைக் காட்டுவதே இல்லை. மேன் பக்கத்தை, அதாவது அந்த ஃபங்ஷனின் கையேட்டைப் படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. இதைப் பல வருடமாகச் சொல்லி வருகிறேன்.

நள்ளிரவு_நிரல்:
லினக்ஸ், சி. கெட்டைம்ஆஃப்டே. காலையில் மெஷினை ஆன் செய்த கொஞ்ச நேரத்தில் மட்டும் வருகிறது, அப்புறம் நாள் முழுக்க இல்லை. கிளாக்சோர்ஸ் (கர்னல் நேரம் எண்ணப் பயன்படுத்தும் மூலம்) டிஎஸ்சி என்றுதான் காட்டுகிறது, டிமெசேஜில் எச்சரிக்கை எதுவும் இல்லை.

துடிப்பு:
"காலையில் மட்டும்" என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! கெட்டைம்ஆஃப்டே தருவது சுவர்க்கடிகார நேரம், அதாவது ரியல்டைம். அதை யாரும் முன்னும் பின்னும் திருப்பி வைக்கலாம், பின்னால் போகாது என்ற உத்தரவாதமே கிடையாது. பூட் ஆகும்போது போர்டில் உள்ள பேட்டரி கடிகாரத்திலிருந்து நேரம் வருகிறது. அது சில வினாடி முந்தியிருந்தால், நேரத்தைச் சரிசெய்யும் புரோகிராமான க்ரோனி நேர சர்வரைக் கேட்டுவிட்டு ஒரே தாவலாகப் பின்னுக்கு இழுத்து வைக்கும். கான்ஃபிகில் "மேக்ஸ்டெப் 1 3" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். முதல் 3 திருத்தங்களுக்குள் வித்தியாசம் 1 வினாடியைத் தாண்டினால் தாவு என்று அர்த்தம். உங்கள் வேலை அந்தத் தாவலின் இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறது. கிளாக்_கெட்டைம் ஃபங்ஷனில், பின்னால் போகாத கடிகாரமான மோனோடானிக்கைக் கேளுங்கள்.

கோர்_எட்டு:
சரி, 2 வினாடி டிஎஸ்சிக்கு ரொம்பப் பெரிசுதான். ஆனால் மோனோடானிக் வேண்டாம், மோனோடானிக்_ரா எடுங்கள். சாதா மோனோடானிக்கின் வேகத்தை என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரத்தை ஒத்திசைக்கும் முறை) மாற்றுகிறது.

துடிப்பு:
மாற்றுவது நல்லதற்குத்தான். சாதாரணமாக அந்த மாற்றம் மிகச் சிறியது. அந்தத் திருத்தத்தால்தான் அதன் ஒரு வினாடி உண்மையான வினாடியாக இருக்கிறது. ரா என்றால் கிரிஸ்டல் எப்படித் தப்பாக ஓடுகிறதோ அப்படியே.

சுழல்:
மெஷின் தூங்கினால் லினக்ஸில் மோனோடானிக் நின்றுவிடும், அதையும் சொல்லுங்கள். தூங்கிய நேரமும் வேண்டும் என்றால் பூட்டைம் என்ற கடிகாரம்.

பழைய_முனையம்:
நிற்காது. என் மேக்கில் தூங்கி எழுந்த பிறகும் சேர்த்தே காட்டுகிறது.

சுழல்:
மேக்கில் சேர்க்கும், லினக்ஸில் சேர்க்காது. பின்னால் தாவக்கூடாது என்கிறது போசிக்ஸ் தரநிலை, தூக்கத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 2018-ல் லினக்ஸ் கர்னல் 4.17-க்காக மோனோடானிக், பூட்டைம் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்தார்கள். தூங்கி எழுந்ததும், சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, வாட்ச்டாக் (சர்வீஸ் பதில் தர வேண்டிய கெடு) நேரம் கடந்துவிட்டதாக நினைத்து அவற்றைக் கொல்ல ஆரம்பித்தது. வெளியீட்டுக்கு முன்பே திரும்பப் பெற்றார்கள்.

பழைய_முனையம்:
பெயர் ஒன்று, நடத்தை இரண்டு என்றால் அதற்குப் பெயர் உத்தரவாதமா?

சுழல்:
உத்தரவாதம் பின்னால் போகாது என்பது மட்டும்தான். அடுத்தடுத்து இரண்டு தடவை கேட்டால் ஒரே எண்கூட வரலாம்.

நள்ளிரவு_நிரல்:
மோனோடானிக் போட்டேன். மூன்று தடவை ரீபூட் செய்தேன், மைனஸ் இல்லை. மேக்ஸ்டெப் வரி இருந்தது. நன்றி.

துடிப்பு:
நல்லது. தொடக்க நேரத்தை எங்காவது ஃபைலில் எழுதி வைக்கிறீர்களா? ரீபூட் ஆனால் மோனோடானிக் மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும், பழைய எண்ணோடு கழித்தால் இதே மைனஸ் வேறு வழியாக வரும்.

துடிப்பு:
@நள்ளிரவு_நிரல் பார்த்தீர்களா?