கலைச்சொல் உதவி: கோதுமையின் புரதம், ‘மிகை’யா ‘விலகலா’? (எழுதுவோர் சிங்கப்பூர் வட்டாரப் பெயர்களில்)

ஈசூன்:
உணவு அறிவியல் கண்காட்சியின் தமிழ்ப் பலகைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. ‘கிரெய்ன் புரோட்டீன் டீவியேஷன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் மட்டும் பாக்கி. கோதுமையில் மகசூல் ஏறினால் புரத விழுக்காடு பெரும்பாலும் இறங்கும். மணியில் மாவுச்சத்து கூடிப் புரதத்தின் பங்கைக் குறைத்துவிடும். பல இரகங்களை ஒன்றாக விதைத்து, இரண்டுக்கும் போக்குக்கோடு வரைவார்கள். ஹெக்டருக்கு 8 டன் தரும் இரகத்துக்குக் கோடு 11.5% காட்ட, அது 12.3% தந்தால் டீவியேஷன் +0.8. ‘புரத மிகை’ எனலாமா?

தெம்பனிஸ்:
கோட்டுக்குக் கீழே விழும் இரகத்துக்கு ‘மிகை −0.8’ என்று எழுதுவீர்களா அம்மா? தமிழகப் பாடநூல்களில் ‘ஸ்டாண்டர்ட் டீவியேஷனு’க்குத் ‘திட்டவிலக்கம்’ இருக்கிறது. ‘மணிப்புரத விலக்கம்’ போதும்.

உட்லண்ட்ஸ்:
விலகு தன்வினை, விலக்கு பிறவினை; அடங்கு, அடக்கு போல. இரகம் தானே விலகி நிற்கிறது, யாரும் விலக்கவில்லை. அதற்கு இலங்கை வழக்கான ‘நியம விலகல்’தான் இலக்கணத்துக்குப் பொருந்துகிறது. ‘மணி’ என்றால் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். தானியத்துக்குக் ‘கூலம்’ இருக்கிறதே! கூலவாணிகன், கூலக்கடை எல்லாம் நம் சொத்து. கூலப்புரத விலகல்.

தெம்பனிஸ்:
சிராங்கூன் சாலைக் கடையில் கூலம் கேட்டுப் பாருங்கள் ஐயா. தானியம் என்றால்தான் எடுத்துத் தருவார்கள். வடசொல் வேண்டாமென்றால் கோதுமையையும் மாற்ற வேண்டிவரும்.

பூன் லே:
சொல்லுக்கு முன் பொருளைப் பாருங்கள். வறட்சியில் சுருங்கிய மணியிலும் புரத விழுக்காடு உயரும், மாவுச்சத்து நிரம்பாததால். அது இரகத்தின் சிறப்பு அல்ல. கதிர் வரும் பருவத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடுதலாக இட்டாலும் புரதம் ஏறும். அதனால் எல்லா இரகத்துக்கும் ஒரே உரம், ஒரே ஈரப்பத அடிப்படை வேண்டும். மணியில் அளந்த நைட்ரஜனைப் புரத அளவாக மாற்றக் கோதுமைக்கு 5.7ஆல் பெருக்க வேண்டும், பொதுவான 6.25ஐப் போட்டால் 12% இருப்பது 13.2% ஆகிவிடும். காட்டு எம்மர் கோதுமையிலிருந்து வந்த ஜிபிசி-பி1 மரபணுவையும் பலகையில் சேர்க்கலாம்; 2006இல் அது இன்னதென்று பிரித்தறிந்தார்கள். அது இலையைச் சீக்கிரம் மூப்படையச் செய்து நைட்ரஜன், துத்தநாகம், இரும்பு மூன்றையும் மணிக்கு அனுப்புகிறது. சில சூழல்களில் மணி நிரம்பும் காலம் குறைந்து எடையும் குறையும். டீவியேஷன் பார்ப்பதே இந்த இழப்பில்லாத இரகத்தைப் பிடிக்கத்தான். கணக்கின்படி அது கோட்டுக்கு நேர் மேலேயோ கீழேயோ அளக்கும் மீதி. என் சொல்: ‘புரத எச்சம்’.

ஈசூன்:
எச்சம் என்றால் பிள்ளைகளுக்குப் பறவைதான் நினைவுக்கு வரும். உணவுப் பலகையில் வேண்டாம் ஐயா.

உட்லண்ட்ஸ்:
பெயரெச்சம், வினையெச்சம் வகுப்பில் படிக்கிறார்களே! எஞ்சி நிற்பது எச்சம். நல்ல சொல்தான். ஆனாலும் கூலத்தை விடமாட்டேன்.

தெம்பனிஸ்:
நாளை வியாழன். ‘புரத விலகல்’ என்றே போடுங்கள். ‘விலக்கம்’ விட்டுவிட்டேன்.

ஈசூன்:
சரி, ‘தானியப் புரத விலகல்’. கீழே: ‘மகசூலை வைத்து எதிர்பார்க்கும் புரதத்துக்கும் உண்மையில் கிடைத்த புரதத்துக்கும் உள்ள வேறுபாடு’. உரம், ஈரப்பதக் குறிப்பும் சேர்ந்தாயிற்று.

பூன் லே:
விளக்கம் சரி. சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. திட்டவிலக்கம் சிதறலின் அளவு, இது ஓர் இரகத்தின் மீதி. இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் இருந்தால் மேல்வகுப்பில் குழப்பும். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.