பேரோல் ‘கட்-ஆஃப்’: ‘வெட்டு நேரம்’ வேண்டாம், ‘ஒப்படைப்புக் கெடு’ என்போம்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

ஊதியக் கணக்கு (பேரோல்) மென்பொருளின் தமிழ் முகப்புக்குச் சொற்கள் தேடத் தொடங்கிய இந்த மின்மடல் இழையில் இதுவரை வந்த மடல்களை இரண்டு முறை படித்தேன். ‘கட்-ஆஃப் டைம்’ (சம்பளக் கோப்பை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரம்) என்பதற்கு ‘வெட்டு நேரம்’ போதும் என்று மூவர் எழுதியிருக்கிறார்கள். ‘டைரக்ட் டெபாசிட்’ (சம்பளத்தை நேரே வங்கிக் கணக்கில் சேர்ப்பது) என்பதற்கு ‘நேரடி வைப்பு’ ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு, பர்கூர்ப் பக்கத்திலும் ஓசூர் செல்லும் சாலையிலும் உள்ள சில சிறு தொழிற்கூடங்களுக்கு மாதச் சம்பளமும் வாரக் கூலியும் போட்டுக் கொடுப்பதைப் பல ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்து வருபவன் நான். அந்த முறையில் இவ்விரண்டு சொற்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘வெட்டு நேரம்’ எப்படி வாசிக்கப்படுகிறது என்பதை நேரில் பார்த்தேன். சென்ற மாம்பழப் பருவத்தில், நான் கணக்குப் பார்க்கும் ஒரு மாங்கூழ் ஆலையில், நம் மென்பொருளின் சோதனைப் பதிப்பிலிருந்து அச்செடுத்த அறிவிப்பை வருகைப் பதிவேடு வைக்கும் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தோம். ‘ஊதியம் – வெட்டு நேரம்: 28ஆம் தேதி மாலை 4 மணி’ என்று அதில் இருந்தது. காலை ஷிப்டுக்கு வந்த பெண்கள், தலையில் வலைத்தொப்பியும் விரல்களில் மாம்பால் பட்டுக் கறுத்த தடமுமாக, அதன்முன் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் என் பக்கம் திரும்பி, “எவ்ளோ சார் வெட்டறாங்க?” என்று கேட்டார். அவருக்குப் பின்னால் நின்ற இளம்பெண்ணோ, அன்றைக்கு நாலு மணிக்குக் கரண்ட் இருக்காது என்று புரிந்துகொண்டு, இரண்டாம் ஷிப்டு உண்டா இல்லையா என்று மேற்பார்வையாளரைக் கேட்கப் போய்விட்டார். இருவர் படித்ததிலும் பிழை இல்லை. சம்பளத்தோடு சேர்ந்து வரும் வெட்டு, தமிழில் சம்பள வெட்டு. நேரத்தோடு சேர்ந்து வருவது மின்வெட்டு. ஆங்கிலத் தொடரின் ‘கட்’டை அப்படியே வெட்டாக்கியதால் வந்த வினை இது. பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வந்து, கிடைக்கும் கூலியைக் கொண்டு ஆண்டின் மற்ற மாதங்களையும் ஓட்ட வேண்டிய ஒருவரை, ஒரு சொல்லால் அரை நாள் பதற வைத்தோம் என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

இனி, இந்தச் சொல் எதைக் குறிக்க வேண்டும் என்று பார்ப்போம். சம்பளம் என்பது ஒரு பொத்தானை அழுத்தியதும் போய்ச் சேர்வதல்ல. மேற்பார்வையாளர் வருகையையும் ஓவர்டைமையும் முடித்துக் கையெழுத்திட வேண்டும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போட வேண்டும். வங்கி கேட்கும் வடிவில் கோப்பைத் தயாரித்து ஒருவர் ஏற்ற வேண்டும். வேறொருவர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்த நேரத்தில் நிறுவனத்தின் கணக்கில் முழுத் தொகையும் இருப்பில் இருக்க வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்று பிந்தினால், குறித்த நாளில் பணம் சேராது. ஆகவே ‘இந்த நேரத்துக்குள் கோப்பு எங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்’ என்று வங்கியோ ஊதியச் சேவை நிறுவனமோ ஒரு வரம்பு வைக்கிறது. அந்த வரம்புக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் முறை இப்போது இரவும் பகலும் ஓடுகிறதே, இனி இப்படி ஒரு வரம்பு எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் எல்லா நாளும் இருபத்துநான்கு மணி நேரமும், அரை மணிக்கு ஒரு தொகுதியாக, நாளொன்றுக்கு 48 தொகுதிகளாக நடக்கிறது. ஆனால் தண்டவாளம் எந்நேரமும் திறந்திருப்பதால் மட்டும் ரயில் கிளம்பிவிடாது. ஒப்புதல் தர வேண்டிய மேலாளர் ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருப்பதில்லை. மொத்தக் கோப்புகளைக் கையாள வங்கிகள் தமக்கென நேரம் வைத்திருக்கின்றன. இதற்கு மேல், திரும்பி வரும் பணம் என்று ஒன்று உண்டு. 2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைந்தபின் பல கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் மாறின, பழைய குறியீட்டையே பதிவேட்டில் வைத்திருந்த தொழிலாளர்களின் சம்பளம் திரும்பி வந்தது. அதைக் கண்டுபிடித்து, பாஸ்புக் நகலை வாங்கி, திருத்தி மறுபடி அனுப்ப ஒரு நாளாவது கையில் வேண்டும். வரம்பு நேரம் அந்த ஒரு நாளையும் காப்பாற்றிக் கொடுக்கிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 2021 ஆகஸ்ட் 1 முதல், பல கணக்குகளில் மொத்தமாகப் பணம் வரவு வைக்கவும் பிடிக்கவும் பயன்படும் நாச் தீர்வு முறையும் ஞாயிறு, விடுமுறை உட்பட எல்லா நாளும் இயங்குகிறது. சம்பளம் ஞாயிற்றுக்கிழமையும் சேரலாம் என்பது இதன் நல்ல பக்கம். அதே நாச் வழியாகத்தான் வண்டிக் கடனின் இ.எம்.ஐ. தொகையும் கணக்கிலிருந்து பிடிக்கப்படுகிறது. முன்பெல்லாம் தவணைத் தேதி ஞாயிறாக இருந்தால் திங்கட்கிழமை வரை மூச்சு விடலாம். இப்போது ஞாயிறன்றே பிடித்தம் வரும். சனிக்கிழமை ஏற்ற வேண்டிய கோப்பை நாம் திங்கட்கிழமைக்குத் தள்ளினால், கணக்கில் இருப்பில்லாமல் தவணை திரும்பி, அதற்கான அபராதத்தைத் தொழிலாளி கட்டுகிறார். அலுவலகத்தில் தவறியது ஒரு மணி நேரம். அவருக்குப் போனது ஒரு நாள் கூலி. சொல்லைத் துல்லியமாக அமைக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்துவது இதனால்தான்.

என் பரிந்துரை ‘ஒப்படைப்புக் கெடு’. ‘கெடு’ என்ற சொல் நாளிதழ்களில் நாள்தோறும் வருகிறது. கெடு விதித்தார்கள், கெடு முடிந்தது, கெடுவை நீட்டித்தார்கள் என்றால் விளங்காதவர் இல்லை. அதைவிட முக்கியமாக, எங்கள் மாவட்டத்துக்கு அது மூன்று மடங்கு பொருந்தும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கங்களில் ஒரே ஆலைக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிறார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே பொருளில் வழங்கும் சொல் ‘கடுவு’. வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படித்த ஒரு பெண்ணுக்குக் ‘கெடு’ என்பது விளக்கம் கேட்கத் தேவையில்லாத சொல். வெட்டு நேரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

‘கெடு’ என்பதில் கெடுதல் தொனிக்கிறதே, அமங்கலமாக இருக்கிறதே என்று பேராசிரியர் ஐயா சுட்டிக்காட்டியிருந்தார். அவர் சொன்னதை மறுக்கவில்லை. தனித்து நின்றால் சற்று மிரட்டலாகவும் ஒலிக்கும். முன்னால் ‘ஒப்படைப்பு’ வந்தால் அந்தக் கடுமை பெரிதும் தணிகிறது என்பது என் எண்ணம். அவர் தந்த மாற்றான ‘கடைசி நாள்’ அழகான, எளிய சொல். அரசு விளம்பரங்களில் விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்றுதான் போடுகிறார்கள். ஆனால் ஆள் நிர்வாகத் துறையில் ஒருவரின் ‘கடைசி நாள்’ என்றால் அவர் வேலையை விட்டு நிற்கும் நாள். ஊதியச் சீட்டில் அது அச்சானால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மேலும் இங்கே நாள் மட்டும் போதாது, மணியும் வேண்டும். ‘தவணை’ இன்று கடனோடு ஒட்டிவிட்டது. ‘வாய்தா’ என்றால் தள்ளிப்போடுவது என்றே ஆகிவிட்டது.

‘ஊதியக் கெடு’ என்று சுருக்கலாமே என்பாரும் உண்டு. கூடாது, அது சட்டம் வைத்திருக்கும் கெடுவோடு குழம்பும். 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடத்தில் ஊதியக் காலம் முடிந்தபின் ஏழாம் நாளுக்குள்ளும், மற்ற இடங்களில் பத்தாம் நாளுக்குள்ளும் சம்பளம் தரச் சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, மாதச் சம்பளக்காரர் எல்லோருக்கும் அடுத்த மாதம் ஏழாம் நாள் என்று ஒரே வரம்பாக்கியது; வாரக் கூலிக்கு வாரத்தின் கடைசி வேலை நாள். அது முதலாளிக்குச் சட்டம் வைத்த கெடு. நாம் பெயரிடுவது அதற்கும் பல நாள் முன்னே, கணக்கருக்கு வங்கி வைத்த கெடு. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால், ஏழாம் தேதி வரை நேரம் இருக்கிறது என்று நினைத்து ஆறாம் தேதி மாலை கோப்பைக் கொண்டுவருவார்கள். கொண்டுவந்திருக்கிறார்கள்.

இலக்கணம் பற்றி ஒரு வரி: ‘கெடு’ முற்றியலுகரம் ஆதலால் வேற்றுமை ஏற்கும்போது ‘கெடுவுக்கு’, ‘கெடுவை’ என்றே வரும். ‘கெட்டுக்கு’ என்று மென்பொருள் தானாகத் திரித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, பணம் கணக்கில் வந்து நிற்கும் நாள். ‘ஏறுநாள்’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். “சம்பளம் ஏறிடுச்சா?” என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள் என்பதால் முதலில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யோசித்தபோதுதான், சம்பள உயர்வு வந்தாலும் அதே வாக்கியத்தைச் சொல்கிறோம் என்பது உறைத்தது. பேச்சில் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்; அறிவிப்புப் பலகையில் முகம் இல்லை. எனவே ‘சேர்நாள்’ என்கிறேன். இது வினைத்தொகை; சேர்ந்த நாள், சேர்கின்ற நாள், சேரும் நாள் என்று முக்காலத்துக்கும் பொருந்தும். ஆண்டின் தொடக்கத்தில் வெளியிடும் ஊதிய நாட்காட்டியில் அது வரப்போகும் நாள்; மாதம் முடிந்து கையில் தரும் ஊதியச் சீட்டில் அதுவே கடந்துபோன நாள். மென்பொருளில் இரண்டு இடத்துக்கும் ஒரே சொல்லை மாற்றமின்றிப் பயன்படுத்தலாம். ஒரு துண்டுத்தாளில் ‘சேர்நாள் 30’ என்று எழுதி, அன்று வெட்டைப் பற்றிக் கேட்ட அதே அம்மாவிடம் காட்டினேன். “முப்பதாந்தேதி பணம் வந்து சேர்ந்துருமா?” என்று கேட்டார். அதற்கு மேல் எனக்குச் சான்று வேண்டியிருக்கவில்லை.

‘நேரடி வைப்பு’ பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கித் தமிழில் வைப்பு என்றால் எடுக்காமல் வைத்திருக்கும் பணம். நிலை வைப்பு, தொடர் வைப்பு என்றுதான் மக்கள் கேட்டிருக்கிறார்கள். சம்பளம் வைப்பதற்கு வருவதல்ல, வந்த வாரத்திலேயே செலவாவது. பாஸ்புக்கில் பற்று, வரவு, இருப்பு என்று மூன்று பத்திகள் இருக்கின்றன. சம்பளம் விழுவது வரவுப் பத்தியில். ஆகவே ‘நேர்வரவு’ என்போம்.

கடைசியாக ஒரு சிக்கல், இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ‘டைரக்ட் டெபாசிட்’ என்பது அமெரிக்க வழக்கு. அங்கே ஏ.சி.எச். என்னும் தீர்வு முறை வழியாகச் சம்பளம் போகிறது. சனி, ஞாயிறு, அந்நாட்டு மத்திய அரசு விடுமுறைகளில் தீர்வு நடப்பதில்லை. 2016 முதல் அதே நாளில் தீர்க்கும் வசதி வந்திருந்தாலும், வழக்கமான கோப்பு சம்பள நாளுக்கு இரண்டு வங்கி வேலை நாள் முன்னதாகப் போக வேண்டும் என்பதே பொது நடைமுறை. வெள்ளிக்கிழமை சம்பளம் என்றால் புதன்கிழமை கெடு. நம் மென்பொருளில் இந்த இடைவெளியை ‘2 நாள்’ என்று எண்ணால் காட்டுகிறார்கள். அதை ‘இடைநாள்: 2’ என்று மொழிபெயர்த்தால் தவறாகும்; புதனுக்கும் வெள்ளிக்கும் இடையே வியாழன் ஒன்றுதானே இருக்கிறது? நம் மக்கள் எண்ணும் முறையோ வேறு. நிகழ்ந்த நாளையும் சேர்த்து முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணுவதால், புதனுக்கு மூன்றாம் நாள்தான் வெள்ளி. ஒரே இடைவெளி ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று விதமாக வாசிக்கப்படும். இதில் நேர வேறுபாடு வேறு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைக்கால நேரப்படி மாலை 5 மணிக்கு முடியும் கெடு, ஓசூரிலிருந்து அந்தக் கணக்கைப் பார்ப்பவருக்கு மறுநாள் அதிகாலை 2.30 மணி, தேதியே மாறிவிடுகிறது.

ஆகையால் எண்ணை முகப்பிலிருந்து அறவே எடுத்துவிட்டு, இரு முனைகளையும் கிழமையோடு காட்டலாம் என்பது என் கருத்து. ‘ஒப்படைப்புக் கெடு: புதன், மாலை 4.00 – சேர்நாள்: வெள்ளி’ என்று இருந்தால் யாரும் விரல் மடக்கி எண்ண வேண்டியதில்லை. வாரக் கூலிக்காரர்களுக்கும் அதுவே தேவை. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போக நினைப்பவர், சனிக்கிழமை பணம் சேருமா என்பதைத்தான் பலகையில் தேடுவார். நிரலாளர்கள் எண் கட்டாயம் வேண்டும் என்றால், அதற்கு ‘முன்நாள்’ என்று ஒருவர் எழுதியதை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘முன்னாள்’ என்று திருத்தி வாசித்துவிடுவார்கள்.

இந்த இடைவெளிக்குப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால், குறிப்பாகத் தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசும் ஓசூர் நண்பர்களிடம் இருந்தால், இந்த இழையிலேயே எழுதுங்கள். சொற்கோப்பை வரும் 20ஆம் தேதி மாலை 6 மணிக்கு நிரல் குழுவிடம் தர வேண்டும். அதுவரை ‘ஒப்படைப்புக் கெடு’, ‘சேர்நாள்’, ‘நேர்வரவு’ ஆகிய மூன்றையும் வரைவில் இட்டு வைத்திருக்கிறேன். ‘வெட்டு நேரம்’ என்பதை இன்று காலை நீக்கிவிட்டேன்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் ஊதியக் கணக்கன்