ஜெய்சல்மேர்: டிசம்பரில் 3 நாள், மூன்று நாளும் கார் வேண்டுமா?

நடைவண்டி:

டிசம்பர் இரண்டாம் வாரம் ஜெய்சல்மேர் போகிறோம். நான், மனைவி, 10 வயதுப் பையன், 66 வயதான அப்பா. ஜோத்பூர் வரை ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. அங்கிருந்து ஜெய்சல்மேருக்கு இன்னும் எடுக்கவில்லை. ஊரில் முழுதாக 3 நாள். விசாரித்த எல்லாருமே "மூன்று நாளும் கார், ஒரு ராத்திரி பாலைவன டெண்ட்" என்று பேக்கேஜாகத்தான் சொல்கிறார்கள், தொகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. தினமும் கார் உண்மையிலேயே தேவையா? மணல்மேட்டுக்கு சாம் போவதா, குரி போவதா? பாகிஸ்தான் எல்லைப் பக்கம் இருக்கும் தனோட் கோயில், லோங்கேவாலா போர்க்களம், அவ்வளவு தூரம் போகத் தகுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, நடப்பார், ஏற்றம்தான் சிரமம்.

பாலைக்குறிஞ்சி:

மூன்று நாளும் கார் வேண்டாம். அந்த ஊரில் பார்க்கத் தகுந்த இடங்களில் பாதிக்குக் காசே இல்லை, மீதிக்கும் சொற்பம்தான். பணம் போவது வண்டி வாடகையிலும் மணல்மேட்டிலும். அதனால் இடங்களைத் திசை வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பேக்கேஜ்காரர்கள் இதைத்தான் கலைத்துப்போட்டு, ஒரே சாலையில் இரண்டு தடவை கூட்டிப்போய் இரண்டு நாள் வாடகை வாங்குகிறார்கள்.

முதல் நாள் ஊருக்குள். கோட்டை, ஹவேலிகள் (பழைய மாளிகை வீடுகள்), கடிசர் ஏரி எல்லாம் ஒன்றரை கிலோமீட்டருக்குள் அடக்கம். 1156-ல் ராவல் ஜெய்சல் கட்டத் தொடங்கிய கோட்டை அது, இன்னமும் உள்ளே குடும்பங்கள் வசிக்கின்றன. ஆகவே வாசலில் டிக்கெட் கிடையாது. உள்ளே இருக்கும் அரண்மனை அருங்காட்சியகத்துக்கும் ஜைனக் கோயில்களுக்கும் மட்டும் கட்டணம். இதில் வரிசை முக்கியம்: முதலில் கோயில், அப்புறம் அரண்மனை. ஜைனர் அல்லாதவர்களுக்குக் காலை வேளையில்தான் அனுமதி, நண்பகலோடு நிறுத்திவிடுவார்கள். சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் மூடிய கதவைப் பார்த்துத் திரும்புவது அங்கே தினப்படிக் காட்சி. தோல் பெல்ட், தோல் பர்ஸ் உள்ளே போகக் கூடாது. அன்றைக்குத் துணிப்பையில் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு வாயில்களைத் தாண்டி மேலே ஏறும் பாதை கல் பாவியது, தேய்ந்து வழவழவென்று இருக்கும். அப்பாவுக்கு ரப்பர் அடிச் செருப்பு அவசியம். மேலே கோட்டைக்குள் இருக்கும் தசரா சௌக் சதுக்கம் வரை ஆட்டோ ஏறும், கூட்டமான நேரத்தில் கீழேயே நிறுத்திவிடுவதும் உண்டு. அதனாலும் காலையில் போவதே நல்லது.

பட்வோன் கி ஹவேலி என்பது ஒரு வீடு இல்லை, ஐந்து வீடுகள். 1805-ல் தொடங்கி ஐந்து பிள்ளைகளுக்காகக் கட்டியவை. உள்ளே தனியார் நடத்தும் பகுதிக்கு ஒரு டிக்கெட், அரசுப் பகுதிக்கு வேறு டிக்கெட். இரண்டும் வாங்க வேண்டியதில்லை, ஒன்று போதும். கல் வேலைப்பாட்டில் முக்கால்வாசி வெளி முகப்பில்தான் இருக்கிறது, அதைப் பார்க்கக் காசில்லை. நத்மல் ஹவேலியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கொரு பாதியாகச் செதுக்கினார்கள். இடமும் வலமும் ஒன்று போலவே தெரியும், உற்றுப் பார்த்தால் ஒன்றில்லை. பையனிடம் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் உங்களுக்கு ஓய்வு.

இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் வடமேற்குத் திசை: லோதுர்வா, அமர் சாகர், படா பாக். மொத்தமே 40 கி.மீ. சுற்று, இதற்கு ஆட்டோ போதும். 2 மணிக்குக் கிளம்பி, தொலைவில் உள்ள லோதுர்வாவை முதலில் முடியுங்கள் (ஊரிலிருந்து சுமார் 16 கி.மீ.). பாட்டி என்ற ராஜபுத்திரக் குலத்து அரசர்களின் பழைய தலைநகர் அது, இப்போது மிச்சம் இருப்பதில் பார்ஷ்வநாதர் ஜைனக் கோயில்தான் பிரதானம். திரும்பும் வழியில் அமர் சாகர் ஏரி. 5 மணிக்கெல்லாம் படா பாகில் இருங்கள். அரச குடும்பத்தாரின் நினைவு மண்டபங்கள், மஞ்சள் கல், மேற்கு வெயில் பட்டால் தங்கமாக மாறும். பின்னால் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். சிலருக்கு அது படத்தைக் கெடுக்கிறது. ஆரல்வாய்மொழியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒன்றும் தோன்றாது.

மூன்றாம் நாள் தென்மேற்கு: குல்தரா (ஆளில்லாமல் கைவிடப்பட்ட கிராமம்), காபா கோட்டை, சாம். இதற்கு மட்டும் கார் பிடியுங்கள், அதுவும் அரை நாளுக்கு. பேசும்போது எந்தெந்த இடம், எத்தனை மணி வரை, காத்திருப்பு, பார்க்கிங் யார் தருவது, இரவு திரும்புவதற்குத் தனிக் கட்டணம் உண்டா, இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் எழுதி "ஓகே" வாங்கிவிடுங்கள். சண்டை வருவது எப்போதும் திரும்பும் பயணத்தில்தான். வாடகை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால், நடுவில் ஒரு கைவினைப் பொருள் கடையில் ஒரு மணி நேரம் போகும் என்று அர்த்தம்.

ஒட்டகச்சிவிங்கி:

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. சாம் விஷயத்தில் மட்டும் இல்லை.

சாம் மணல்மேடு ஊரிலிருந்து 40 கி.மீ. சொச்சம். டிசம்பரில் சாயங்காலம் அது திருவிழாக் கூட்டம்தான். ஜீப், ஒட்டக வண்டி, ஸ்பீக்கர். "சாம் கேம்ப்" என்று விற்கிற டெண்ட்களில் பல, மணல்மேட்டில் இல்லை. அதற்கு முன்னாலேயே கனோய் கிராமத்தில் சாலையோரம் வரிசையாக நிற்கின்றன. முன்பதிவுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டெண்டிலிருந்து மணல்மேட்டுக்கு நடந்து போக முடியுமா? "ஜீப்பில் கூட்டிப்போவோம்" என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளலாம்.

குரி சுமார் 50 கி.மீ., தென்மேற்கில். மணல்மேடு சின்னது, ஆனால் கூட்டம் குறைவு, மண் வீடுகளில் தங்கலாம், சாப்பாடும் வீட்டுச் சமையலாகக் கிடைக்கும். அமைதி வேண்டுமென்றால் குரி. உயரமான மணல் அலைகள், ஆட்டம் பாட்டம் வேண்டுமென்றால் சாம். ஒரே பயணத்தில் இரண்டும் தேவையில்லை.

உங்கள் குழுவுக்கு நான் சொல்வது, இரவு டெண்டில் தங்காதீர்கள். டிசம்பர் இராத்திரி ஒற்றை இலக்க வெப்பநிலைக்கு இறங்கும். காற்றில் ஈரம் இல்லாததால் பகல் சூட்டைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை, வெயில் போன அரை மணியில் மணல் சில்லிட்டுவிடும். மதியம் 25 டிகிரியில் அரைக்கைச் சட்டையோடு கிளம்பி வந்து, 7 மணிக்கு ஆர்கெஸ்ட்ரா மேடைக்கு முன்னால் நடுங்குபவர்களில் நம்மூர்க்காரர்கள்தான் அதிகம். கம்பளிச் சட்டை, காதை மூடும் குல்லா, சாக்ஸ் வண்டியிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, கடிகாரம். ஜெய்சல்மேர் நாட்டின் மேற்குக் கோடியில் இருப்பதால் டிசம்பரில் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய ஏழரை ஆகும், மறைவது 6 மணியை ஒட்டி. சென்னைக் கணக்கில் 6 மணிக்கு எழுந்து வெளியே போனால் கும்மிருட்டு. மணல்மேட்டில் நாலரைக்கு இருந்தால் போதும், ஒட்டகம் ஏறி இறங்கிவிட்டு சூரியன் மறைவதையும் பார்க்கலாம்.

ஒட்டகச் சவாரிக்குக் கட்டணம் பேசும்போது நேரத்தைப் பேசுங்கள். தூரம் என்று சொன்னால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்தான் முதலில் எழும், உட்காரும்போது முன்னங்கால் முதலில் மடியும். இரண்டு சமயத்திலும் உடம்பு முன்னால் தள்ளும், அதனால் இரண்டு தடவையும் பின்னால் சாய்ந்து சேணத்தை இறுகப் பிடிக்க வேண்டும். விழுகிறவர்கள் விழுவது இந்த நொடிகளில்தான். முழங்கால் வலி உள்ளவருக்கு ஒட்டக வண்டி மேல். ஜீப்பில் மணல்மேட்டைத் தாவுவதற்கு அப்பாவை ஏற்றவே வேண்டாம். பையன் ஏறினால் உட்கார்ந்தே இருக்க வேண்டும், பின்னால் கம்பியைப் பிடித்து நிற்கிற போஸெல்லாம் கூடாது.

பகல்நேரத்தண்டவாளம்:

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு ரயிலில் 5, 6 மணி நேரம். இரவு வண்டி கிடைத்தால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம். நேரம் இருந்தால் நடுவில் ஃபலோடியில் இறங்குவது பற்றி யோசியுங்கள். அங்கிருந்து சில கிலோமீட்டரில் கீச்சன் கிராமம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை ஆயிரக்கணக்கில் கர்கரா நாரைகள் தங்கும். உள்ளூரில் குர்ஜா என்பார்கள். ஊர்க்காரர்கள் தானியம் போடுகிற இடத்தில் காலையில் இறங்கும், வயிறு நிறைந்ததும் குளங்களுக்குப் போய்விடும். 2025-ல் கீச்சன், உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பார்க்கப் பணம் வேண்டாம், காலையில் அங்கே இருந்தால் போதும். 10 மணிக்கு மேல் போனால் வெறும் மைதானத்தைத்தான் பார்க்க முடியும்.

ரயிலிலோ நிலைய வாசலிலோ "200 ரூபாய்க்கு அறை" என்று வருகிறவர்களிடம் சிக்காதீர்கள். அந்த அறையின் விலை அவர்கள் விற்கிற பாலைவன சஃபாரியில் இருக்கிறது. சஃபாரி வேண்டாம் என்று சொன்ன மறுநாள் "அறை வேறு ஒருவருக்குப் பதிவாகியிருக்கிறது" என்பார்கள். முன்பதிவு செய்யும்போதே "சஃபாரி எடுக்க மாட்டோம், அறை மட்டும்" என்று எழுதிக் கேளுங்கள்.

கோட்டைக்குள் தங்கவும் வேண்டாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது ஒரு பக்கம். அந்தக் குன்று முழுக்கப் பாறையாக இல்லாததால், விடுதிகளில் கொட்டும் தண்ணீர் கீழே கசிந்து அடித்தளத்தை இளக்குவது நெடுங்காலப் பிரச்சினை. 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை, 2024 ஆகஸ்ட் மழையில் மதிலில் ஒரு பகுதி சரிந்தது. அடிவாரத்தில் திப்பா பாடா பக்கம் தங்கினால் கோட்டை ஜன்னலுக்கு நேரே தெரியும். உள்ளே தங்கினால் கோட்டையைத் தவிர எல்லாம் தெரியும்.

நடைவண்டி:

மூவருக்கும் நன்றி. இரவு டெண்ட் ரத்து. இன்னும் இரண்டு சந்தேகம். இரண்டாம் நாள் காலை சும்மா இருக்கிறதே, அதில் போர் அருங்காட்சியகமும் அகல் கல்மரப் பூங்காவும் முடியுமா? தனோட் பற்றி யாரும் சொல்லவில்லை. நானும் மனைவியும் மட்டும் ஸ்கூட்டரில் போய் வரலாமா?

கள்ளிமேடு:

காலையில் இரண்டும் வேண்டாம், ஒன்று எடுங்கள். போர் அருங்காட்சியகம் ஜோத்பூர் சாலையில், அகல் பார்மேர் சாலையில். இரண்டும் வேறு வேறு. பையனுக்கு அருங்காட்சியகம்தான் பிடிக்கும், 1971 போரில் பிடிபட்ட டாங்கிகள் நிற்கின்றன. அகல் பூங்காவில் இருப்பவை 18 கோடி ஆண்டுப் பழைய மரங்கள், கல்லாக மாறியவை, பெரியது ஏறக்குறைய 13 மீட்டர். விஷயம் தெரிந்தவருக்கு அது பொக்கிஷம். "பூங்கா" என்ற பெயரை நம்பிப் போகிறவருக்கு, வெட்டவெளியில் கம்பிக்கூண்டுக்குள் கிடக்கும் கட்டைகள். நிழலே கிடையாது.

தனோட் கதை வேறு. ராம்கட் 60 கி.மீ. சொச்சம், அங்கிருந்து தனோட் இன்னொரு 60. தனோட்டிலிருந்து லோங்கேவாலா வழியாக ராம்கட்டுக்கு வந்து ஊர் திரும்பினால் மொத்தம் 260, 270 கி.மீ. ஸ்கூட்டர் டேங்க் சுமார் 5 லிட்டர். இரண்டு பேரோடு எதிர்காற்றில் லிட்டருக்கு 40 கொடுத்தால் 200 கி.மீ.தான் வரும். ஆகவே ராம்கட்டில் கட்டாயம் நிரப்ப வேண்டும், அதைத் தாண்டினால் பங்க்கை நம்ப முடியாது. காலை 8-க்குக் கிளம்பி 5-க்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும். இருட்டிய பிறகு சாலையில் ஒட்டகமும் மாடும் நிற்கும், ஒட்டகத்தின் கால்தான் ஹெட்லைட்டில் படும், உடம்பு தெரியாது. காற்றடித்தால் தார் மேல் மெல்லிசாக மணல் படியும், வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தால் சறுக்கும். ராம்கட்டுக்கு அப்புறம் சிக்னல் விட்டு விட்டு வரும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், கையில் சில்லறை நோட்டு வையுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர்.

தனோட் கோயிலை எல்லைப் பாதுகாப்புப் படையினர் பார்த்துக்கொள்கிறார்கள். 1965 போரில் விழுந்து வெடிக்காத குண்டுகள் உள்ளே காட்சியில் இருக்கின்றன. லோங்கேவாலாவில் 1971 டிசம்பர் 4 இரவு சுமார் 120 இந்திய வீரர்கள் பாகிஸ்தான் டாங்கிப் படையைத் தடுத்து நிறுத்தினார்கள், விடிந்ததும் நம் விமானப்படையின் ஹண்டர் விமானங்கள் வந்தன. மணலில் புதைந்து நகர முடியாமல் போன டாங்கிகள் அவற்றுக்கு எளிய இலக்கு. அந்த மணலை நேரில் பார்த்தால்தான் ஏன் புதைந்தது என்று விளங்கும். ஆதார் அசலாகவே எடுத்துப்போங்கள். எல்லைக் கம்பம் வரை போகத் தனி அனுமதி, அது அன்றன்றைய பாதுகாப்பு நிலையைப் பொறுத்தது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போவதற்கு மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

உங்கள் குழுவுக்கு? 3 நாளில் இதைச் சேர்த்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும், பையனும் அப்பாவும் அறையில். நாலு பேரும் காரில் போவதென்றால் அன்றைக்கு அதுவே பெரிய செலவு. 4-ஆவது நாள் கிடைத்தால் போங்கள்.

பாலைக்குறிஞ்சி:

குல்தரா பற்றி ஒரு சேர்க்கை. பேய்க் கிராமம் என்று சொல்லி அந்தி நேரத்தில் கூட்டிப்போகப் பார்ப்பார்கள். மாலையில் வாயிலை மூடிவிடுவார்கள், அதனால் 2 மணிக்கே முடித்துவிட்டு மேற்கே போங்கள். பாலிவால் பிராமணர்கள் ஒரே இரவில் 84 கிராமங்களைக் காலி செய்தார்கள் என்பது ஊர்க்கதை. தண்ணீர் வற்றியது, வரிச் சுமை, நிலநடுக்கம் என்று ஆய்வாளர்கள் வேறு காரணங்களைச் சொல்கிறார்கள். எதுவானாலும் தெருக்கள் நேர்கோட்டில் அமைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். புதுப்பித்துக் கட்டிய இரண்டொரு வீட்டோடு திரும்பிவிடாமல், இடிந்த பகுதிக்குள் கொஞ்சம் நடக்க வேண்டும். அப்பா வண்டியிலேயே ஊர் நடுவரை வரலாம், நுழைவில் வாகனத்துக்குத் தனியாக ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.